புல்லாங்குழலைக் காணோம்

திருப்புளி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. பம்ப்பு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் கூட வேலை செய்தவர்கள் வைத்தது. ஓடுகிற மோட்டாரின் மேல் திருப்புளியின் நுனியை ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, "பேரிங் போச்சு. பின்பக்கம்" என்பார். பிரித்துப் பார்த்தால் பின்பக்கப் பேரிங்தான் போயிருக்கும். வலது கை மற்ற வேலைக்கு வேண்டும் என்பதால் எப்போதும் இடது கையில் திருப்புளி, இடது காதில் பிடி. முப்பத்தெட்டு வருஷம் இப்படியே ஓடியது. வேலையை விட்டு எட்டு வருஷம் ஆன பிறகும் அந்தப் பேர் மட்டும் அவரை விடவில்லை. அவருக்கும் அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

எவனையும் நம்பாத மனுஷன். சர்க்கரை வாங்கி வந்தால் வீட்டில் மறுபடி எடை போட்டுப் பார்ப்பார். மருந்துக் கடைக்காரன் மாத்திரையை எண்ணிக் கொடுத்தால் அவன் எதிரிலேயே இன்னொரு முறை எண்ணுவார். கடை போட்டு உட்கார்ந்திருப்பவன் எல்லாம் தன் தலையில் எதையாவது கட்டத்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவர் கணக்கு. பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைத்ததால், அவரைத் திருத்த யாராலும் முடியவில்லை.

வீட்டில் மகன், மருமகள், அவர். மகன் விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவான். மருமகளுக்கு வீட்டிலேயே வேலை. ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து போனில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். இவர் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பழைய பாட்டுப் போடுவார். சத்தம் சுவரைத் தாண்டும். புகார் சொல்ல வந்தவர் ஒருத்தர், "ஏம்மா, உங்க வீட்ல கல்யாணமா?" என்று கேட்டுவிட்டார். அதை அவள் மேலதிகாரியும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஆபீசுக்கே வந்து வேலை பார் என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம்.

அவள் மாமனாரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. இரண்டு காதிலும் சொருகிப் பாட்டுக் கேட்கிற சின்ன இயர்போன் ஒன்றைத் தன் காசில் வாங்கி வந்து கொடுத்தாள். ஒரே நாள். "இதுல பாதிப் பாட்டுதான் வருது. மீதியைக் கடைக்காரன் வச்சிக்கிட்டான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளுக்கு நல்லது கெட்டது பார்த்து வாங்கத் தெரியவில்லை என்றும், அடுத்த தடவை தன்னைக் கூட்டிப் போகவேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார்.

"என் காதை ஏமாத்த எவனும் பொறக்கலை" என்றார்.

மருமகள் ஏதோ சொன்னாள். அவருக்குச் சரியாக விளங்கவில்லை. வாய்க்குள்ளேயே முனகுகிற பழக்கம் அவளுக்கு, என்ன செய்வது என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். நீளமான கடை. போன், சார்ஜர், ஒயர், அந்த மாதிரிச் சாமான். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஹெட்போன். கீழ்த் தட்டில் விலை குறைந்தது, நடுத் தட்டில் நடுத்தரம், மேல் தட்டில் கையை வைத்தால் சுடுகிற விலை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது நாற்பது வயதுப் பெண். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கண்ணாடிக்காரி என்று அவர் மனசுக்குள் பேர் வைத்தார்.

அவள் எடுத்ததும் எதையும் விற்கப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டாள். பாட்டுக் கேட்கவா, செய்தி கேட்கவா? ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் கேட்பீர்கள்? காது வேர்க்குமா? பக்கத்தில் ஆள் கூப்பிட்டால் கேட்க வேண்டுமா, வேண்டாமா? டாக்டர் கூட இத்தனை கேட்டதில்லை. இவ்வளவு கேட்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் தனக்கு வேண்டியதைச் சொன்னார். சொல்லும்போது பட்டறையில் சாமான் பட்டியல் சொல்கிற மிடுக்கு தானாக வந்துவிட்டது.

"மேளம் நெஞ்சுல இடிக்கக் கூடாது. குரல் பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருக்கணும். காதை நண்டு கவ்வுற மாதிரி கவ்வக் கூடாது. விலை இந்தத் தட்டைத் தாண்டக் கூடாது" என்று நடுத் தட்டைத் தொட்டுக் காட்டினார்.

"தெளிவாச் சொல்றீங்க ஐயா. இப்படிச் சொல்றவங்க கம்மி" என்றாள்.

புகழ்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. புகழ்ந்தால் விலை ஏறும்.

எந்தப் பாட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டாள். ஒரு பழைய பாட்டைச் சொன்னார். அதில் அவருக்கு ஒவ்வொரு மடக்கும் தெரியும். பாடகி முதல் வரியைப் பாடி நிறுத்தியதும் புல்லாங்குழல் பதில் சொல்லும். அவள் ஒன்று கேட்பாள், அது ஒன்று சொல்லும். அவர் மனைவி இருந்த காலத்தில், அந்த இடம் வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கண்ணாடிக்காரி அதைத் தன் போனில் தேடி எடுத்தாள்.

கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை மாட்டிக்கொண்டார். பாடகி பாடினாள். தபலா வந்தது. வரி முடிந்தது. பதிலுக்கு ஆளைக் காணோம். தபலா மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

விலை குறைந்த சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று கழற்றினார். நடுத் தட்டில் ஒன்று. மெத்தென்று இருந்தது, கவ்வவில்லை. குரல் பக்கத்தில் நின்று பாடியது. புல்லாங்குழல் இல்லை. நடுத் தட்டில் இன்னொன்று. இல்லை. பார்க்கலாம் என்று அவளே மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதிலும் இல்லை.

"புல்லாங்குழலைக் காணோம்" என்றார்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. கடையே திரும்பிப் பார்த்தது.

"எங்க வீட்டு டிவில வருது. முடி வெட்டுற கடை ரேடியோல வருது. உங்க கடையில மட்டும் வரலைன்னா என்னம்மா அர்த்தம்?"

கண்ணாடிக்காரி அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவரைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள். கண்ணாடிக்காரி மேசையைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "திருப்பிப் போட்டுப் பாருங்க ஐயா. இந்தக் காதுக்கு உள்ளதை அந்தக் காதுல" என்றாள்.

திருப்பி மாட்டினார்.

பாடகி பாடினாள். வரி முடிந்தது. புல்லாங்குழல் பதில் சொன்னது. அச்சு அசலாக, மூச்சு வாங்குவது கூடக் கேட்டது. ஆனால் தபலாவைக் காணோம்.

ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

பட்டறையில் அவர் தினமும் கத்துகிற கத்தல் ஒன்று உண்டு. மாத்திப் போட்டுப் பாருடா. ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால், சந்தேகப்படுகிற பாகத்தைக் கழற்றி வேறு மோட்டாரில் போடு. கோளாறு பாகத்தோடு போனால் பாகம் கெட்டது. கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தால் மோட்டார் கெட்டது. இதைச் செய்யாமல் புதுப் பாகம் கேட்டு வந்தவனை அவர் சும்மா விட்டதில்லை. கண்ணு இருந்தும் குருடு, கை இருந்தும் முடம் என்று அத்தனை பேர் எதிரில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். ஒருத்தன் அழுதே இருக்கிறான்.

இங்கே நான்கு ஹெட்போன் மாற்றியாகிவிட்டது. கோளாறு இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு தடவை கூடத் திருப்பிப் போட அவருக்குத் தோன்றவில்லை. வீட்டு டிவியில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது, இருக்கிற ஒரு காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. இதில் புல்லாங்குழலை இடது பக்கம், தபலாவை வலது பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறான். இடது பக்கம் வந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை: எனக்குக் காது போச்சு. ஆனால் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். மருமகள் நின்றாள். திருப்புளி என்கிற பேர் நின்றது.

"இப்ப தபலா போச்சு" என்றார், முன்னை விடச் சத்தமாக. "ஒண்ணைக் குடுத்து ஒண்ணைத் திருடுது. மொத்தச் சரக்கும் கழிசல். தெரிஞ்சேதான் வச்சு விக்கிறீங்க. இந்தம்மாவுக்குத் தெரியும். அதான் காதோட காதாப் பேசுது."

கையில் எடுத்து வைத்திருந்த பெட்டியை ஒருத்தர் தட்டில் திருப்பி வைத்தார். அதை முதலாளி பார்த்துவிட்டார். கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். ஹெட்போனை மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்வைக்கு வைத்ததைக் காலையில் சோதிக்கிறாயா இல்லையா என்று கண்ணாடிக்காரியைக் கேட்டார். சோதித்தேன் என்றாள். அப்படியென்றால் பெரியவர் பொய் சொல்கிறாரா என்றார். அவள் திருப்புளியைப் பார்த்தாள். அவர் மேல் தட்டில் இருந்த விலைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைங்க" என்றாள்.

முதலாளி அவளைப் பின்கட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டச் சொன்னார். இனிமேல் இந்தப் பக்கம் நிற்க வேண்டாம் என்றார். பிறகு சிரித்த முகமாக, நடுத் தட்டுச் சாமானைப் புதுப் பெட்டியாக எடுத்து, கீழ்த் தட்டு விலைக்குக் கொடுத்தார். மருமகள் பணம் கட்டினாள்.

தெருவில் அவள் அவருக்கு வலது பக்கமாக நடந்தாள். ஒரு மூலை திரும்பும்போது, வேண்டுமென்றே குறுக்கே நகர்ந்து, அவள் இடது பக்கம் வருகிற மாதிரி செய்தார். நாலடி நடந்திருப்பாள். பின்னால் சுற்றி மறுபடி வலது பக்கம் வந்து சேர்ந்துகொண்டாள். யோசித்துச் செய்தது இல்லை. செருப்பைச் சரியான காலில் போடுகிற மாதிரிப் பழகிப் போனது.

அப்போதுதான் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் தன் நாற்காலியை மாற்றிப் போட்டது. கூப்பிட வேண்டும் என்றால் முன்னால் வந்து நின்று கூப்பிடுவது. அவள் முனகுகிறாள், மரியாதை இல்லை என்று அவர் மகனிடம் கோள் சொன்னது. மகன் அதற்காக அவளிடம் சண்டை போட்டது.

வீட்டுக்கு வந்து தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வலது காதில் வைத்தார். டிக் டிக் என்றது. இடது காதில் வைத்தார். அழுத்தி வைத்தார். குலுக்கிக் கூட வைத்தார். கடிகாரம் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வயதில் யாரும் இல்லாத அறையில் ஒரு மனுஷன் கூனிக் குறுகி உட்கார முடியுமா என்றால், முடியும்.

சாயங்காலம் மகன் வந்து, ஹெட்போன் எப்படி என்று கேட்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள். மாமாவே பார்த்து எடுத்தார்கள், நன்றாக இருக்கிறது, விலையும் குறைத்துக் கொடுத்தார்கள் என்றாள். "அப்பா காதுன்னா சும்மாவா" என்று மகன் சிரித்தான். அவர் பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்தார்.

மகன் குளிக்கப் போனதும் அடுப்படி வாசலில் போய் நின்றார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா மாமா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன் மாமா. ரெண்டு தடவை. டாக்டர்கிட்ட போலாம்னேன். உங்க இடது பக்கம் உக்காந்து சொல்லிட்டேன் போல."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காது போனா போகுது மாமா. அதுக்கு வைத்தியம் பார்க்கலாம், இல்லாட்டி நாங்க சத்தமாப் பேசிக்கிறோம். ஆனா அந்தக்கா ஒரு தப்பும் செய்யலை. எனக்கும் தெரிஞ்சுது. நானும் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டாள். அவள் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டதுதான் அவரை ஆணி மாதிரிக் குத்தியது. அவர் பொய்க்கு அவளையும் கூட்டாளி ஆக்கிவிட்டார்.

மறுநாள் கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றார். முதலாளி கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு ஆள் இல்லை. அந்த நேரம் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் வந்தார். நேராகப் பின்கட்டு வாசலுக்குப் போனார். கண்ணாடிக்காரி தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏம்மா, நேத்து... உங்க சாமான்ல ஒண்ணும் இல்லை. என் காதுதான். இடது காது."

"தெரியும்."

"தெரியுமா?"

"தெரியாமலா திருப்பிப் போடச் சொன்னேன்?"

"அப்ப உங்க முதலாளி கேட்டப்ப சொல்லியிருக்கலாமே."

டேப்பைக் கடித்து அறுத்தாள். "வயசான மனுஷனை நாலு பேரு நடுவுல வச்சு, உங்களுக்குக் காது கேக்கலைன்னு எப்படிச் சொல்றது? நான் மெதுவாச் சொன்னேன். நீங்க சத்தமாச் சொன்னீங்க."

தப்புதான் என்றார். அவள் அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

"நேத்து அத்தனை பேரு இருந்தாங்க. இன்னிக்கு யாரும் இல்லாத நேரமாப் பார்த்து வந்திருக்கீங்க ஐயா."

மூஞ்சியில் அறைந்திருந்தால் கூட அவ்வளவு உறைத்திருக்காது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. வாசல் வரை போனார். அங்கே ஒரு முக்காலி கிடந்தது. உட்கார்ந்தார்.

என்ன வேண்டும் பெரியவரே என்று முதலாளி கேட்டார். கூட்டம் வரட்டும் என்றார் அவர். நேற்று பண்ணிய ரகளை போதாதா என்று முதலாளி நினைத்தார். சாமானில் குறை இருந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவர் அதைக் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சார்ஜர் வாங்க ஒருத்தர் வந்தார், போனார். ஒருத்தருக்காக எழுந்திருக்கலாமா என்று பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பத்துப் பேருக்கு எதிரில் செய்ததை ஒருத்தர் எதிரில் கழிக்க முடியாது. ஒரு மணி நேரம் போனது. முட்டி கடுத்தது. புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி வந்தது. காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர் ஹெட்போன் பார்க்க வந்தார்கள். போன் கண்ணாடி உடைந்துபோன ஒருத்தர், ஒயர் கேட்டு இரண்டு பேர், யாரோ ஒருத்தரின் மாமியார். எண்ணிப் பார்த்தார். ஒன்பது. முதலாளியையும் சேர்த்தால் பத்து. எழுந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். குரல் எப்படியும் சத்தம்தான், அதற்காகத் தனியாகக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. "நேத்து இந்தக் கடையில நின்னு, சரக்கு கழிசல்னு சொன்னேன். இங்க நின்ன அம்மா ஏமாத்துதுன்னு சொன்னேன். பொய். எனக்கு இந்தக் காது செத்துப் போச்சு. அது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுது. எனக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறம்தான் சொன்னேன்."

போன் உடைந்தவர், "அதுக்கு நாங்க என்ன பண்ணணும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேணாம். கேட்டுக்கிட்டா போதும்."

நேற்று இருந்த ஒருத்தரும் அங்கே இல்லை. அவருக்கும் அது தெரியும். அவர்களை எங்கே போய்த் தேடுவது? இவர்களை வைத்துத்தான் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

சட்டைப் பையிலிருந்து, குறைத்துக் கொடுத்த விலையின் மீதியை எடுத்து மேசையில் வைத்தார். முதலாளி கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டார். ரசீது வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றார் அவர். அந்தப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? காலேஜ் பிள்ளைகள் ஹெட்போன் விவரம் கேட்டு முதலாளியைப் பிடுங்கினார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே பார்த்து, வந்து நில்லும்மா என்று கூப்பிட்டார். நியாயம் தெரிந்து கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியாபாரம்.

கண்ணாடிக்காரி வந்தாள். முதலில் திருப்புளியின் போனைக் கேட்டு வாங்கினாள். எங்கேயோ நாலு இடம் தட்டினாள். இரண்டு பக்கமாகப் பிரிந்து வருவதை ஒன்றாகச் சேர்த்து இரண்டு பக்கமும் விட முடியும், ஒரு காது உள்ளவர்களுக்காகவே அது இருக்கிறது, வீட்டு டிவியிலும் இருக்கும், மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். நேற்றே இதைச் சொல்லத்தான் அவர் பக்கம் வந்தாளாம். கையோடு கொண்டுவந்திருந்த ஹெட்போனை அவரே மாட்டிக்கொண்டார். பாடகி பாடினாள். புல்லாங்குழல் பதில் சொன்னது. தபலா கீழே தட்டிக்கொண்டே போனது. எல்லாம் ஒரே காதில், கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு, ஆனால் எல்லாம் இருந்தது.

கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போய், இடது பக்கத் தட்டில் பிள்ளைகளுக்காக எதையோ எடுத்தபடி, அவரைப் பார்க்காமல் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். பிள்ளைகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா. அது செத்த பக்கம்" என்றார். வெளி ஆளிடம் அதை அவர் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் வலது பக்கம் வந்தாள்.

"திட்டினேன் ஐயா. ஒரு தடவைதான் திட்டுவேன்."

ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். என்ன சொல்லித் திட்டியிருப்பாள் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே போனார். தோன்றியது எல்லாமே பொருத்தமாகத்தான் இருந்தது.